வெளிநாட்டுப் பயணத்துக்கு வழிகாட்டி நூல் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாடு கிளம்பும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வழிகாட்டி நூல் என்று நான் சொல்வது புத்தகக் கடையில் ‘டிராவல் கைடு’ என்று அடுக்கியிருப்பார்களே, அதைத்தான். ஊர் சுற்றிய அனுபவத்தைக் கதையாகச் சொல்லும் பயண இலக்கியம் வேறு வகை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கிறதே, புத்தகம் எதற்கு?

எல்லாம் கிடைக்கிறது, ஆனால் அளவுக்கு மீறிக் கிடைக்கிறது. ஒரு நகரத்தின் பெயரைத் தட்டினால் ‘பார்க்க வேண்டிய 25 இடங்கள்’, ‘தவறவிடக் கூடாத 40 இடங்கள்’ என்று வந்து கொட்டும். உங்கள் கையில் இருப்பதோ மூன்று நாள். இந்த நாற்பதில் முப்பத்தைந்தை விட்டுவிடலாம் என்று அந்தப் பட்டியல்கள் சொல்வதே இல்லை.

நல்ல வழிகாட்டி நூல் செய்யும் வேலை அதுதான். ஒருவரோ ஒரு சிறு குழுவோ அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்து, நானூறு ஐந்நூறு பக்கத்துக்குள் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்திருப்பார்கள். பக்கத்துக்கு வரம்பு இருப்பதால் அந்த முடிவிலிருந்து அவர்கள் தப்ப முடியாது. இணையத்துக்கு அப்படி ஒரு நெருக்கடி கிடையாது.

இன்னொன்றும் உண்டு. தேடுபொறி நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். பெயரே கேள்விப்படாத ஊரைப் பற்றி எப்படிக் கேட்பீர்கள்? புத்தகத்தைப் புரட்டும்போது, போக நினைத்த ஊருக்கு இரண்டு பக்கம் தள்ளி, ரயிலில் அரை மணி நேரத்தில் இன்னொரு ஊர் இருப்பது கண்ணில் படும். என் பயணங்களில் நன்றாக அமைந்த பாதி நாட்கள் அப்படித்தான் கிடைத்தன.

அதற்காகக் கைபேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. திறந்திருக்கும் நேரம், இன்றைய கட்டணம், அடுத்த பஸ் எப்போது என்பதெல்லாம் அதன் வேலை.

எப்போது வாங்க வேண்டும்? டிக்கெட் போட்ட பிறகா?

டிக்கெட் போடுவதற்கு முன்பு. பலர் விமான நிலையக் கடையில் வாங்கி விமானத்தில் புரட்டுகிறார்கள். அதற்குள் புத்தகம் உதவக்கூடிய பெரிய முடிவுகள் எல்லாம் முடிந்து போயிருக்கும்.

இத்தாலிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். ரோமில் இறங்கி ரோமிலேயே திரும்ப ஏறுவதாக டிக்கெட் போட்டுவிட்டால், வெனிஸ் வரை போய்விட்டு அதே வழியில் திரும்பி வர வேண்டும். வெனிஸில் இறங்கி, ஃபுளோரன்ஸ் வழியாகக் கீழே வந்து, ரோமில் விமானம் ஏறலாம் என்பது வரைபடத்தோடு புத்தகத்தைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பருவமும் அப்படித்தான். ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை தொடர் விடுமுறை. உள்ளூர்க்காரர்களே கிளம்பிவிடுவதால் ரயிலும் விடுதியும் நிரம்பி வழியும். சீனாவில் அக்டோபர் முதல் வாரம் அதே கதை. தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள படகோனியாவுக்குப் போக நல்ல காலம் டிசம்பர், ஜனவரி. தென்கோளத்தில் அப்போதுதான் கோடை. ரமலான் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். ‘எப்போது போகலாம்’ என்று ஒரு அத்தியாயம் எல்லா நூலிலும் இருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு அப்புறம் தேதியைத் தொடுங்கள்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?

அட்டைக்கு அடுத்து வரும் பதிப்புரிமைப் பக்கம். எழுத்து பொடியாக இருக்கும், ஆனால் முக்கியமான தகவல் அங்கேதான் இருக்கிறது. எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு, முடிந்தால் எந்த மாதம் என்று பாருங்கள். மறுஅச்சு என்பதும் புதிய பதிப்பு என்பதும் ஒன்றல்ல. மறுஅச்சில் ஆண்டு மட்டும் புதிதாக இருக்கும், உள்ளே பழைய சரக்குதான்.

புதிய பதிப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்தாளர் நேரில் போய்ப் பார்த்ததற்கும் நூல் கடைக்கு வருவதற்கும் நடுவில் பல மாதங்கள் ஓடிவிடும். ஆகவே இந்த ஆண்டு வந்த நூலில் இருப்பது போன ஆண்டின் நிலவரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் 2022 வரை தேதி போட்ட நூல்களிடம் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள். எல்லைகள் மூடிக் கிடந்த காலத்தில் யார் எங்கே போய் எதைச் சரிபார்த்திருக்க முடியும்?

பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறது. எத்தனை வருடம் வரை பரவாயில்லை?

மூன்று ஆண்டு வரை நான் யோசிக்காமல் வாங்குவேன். அதற்கு மேல் போனால், எதற்காக வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. புத்தகம் முழுவதும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. வரலாறு, கட்டடக்கலை, ஒரு பகுதியின் குணம் பற்றிய பக்கங்கள் பத்து ஆண்டு ஆனாலும் படிக்கலாம். நடந்து பார்க்கும் பாதைகளும் அவ்வளவு சீக்கிரம் மாறாது. விடுதிகளும் உணவகங்களும் இரண்டு மூன்று ஆண்டில் ஆட்டம் காணும். நாணயம், எல்லை விதி, நுழைவுச்சீட்டு முறை இதெல்லாம் ஒரே இரவில் மாறிவிடும்.

குரோஷியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் யூரோ நாணயத்துக்கும் மாறியது, வழக்கமான எல்லைச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகும் ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியிலும் சேர்ந்தது. அதற்கு முந்தைய நூலில் குனா என்ற பழைய நாணயத்தின் கணக்கும் ஸ்லோவேனிய எல்லையில் காத்திருக்கும் நேரமும் இருக்கும். இரண்டுக்கும் இப்போது அர்த்தமில்லை. பல்கேரியா 2026 ஜனவரியில் யூரோவுக்கு வந்தது.

ஜப்பான் நூல்கள் இன்னும் மோசமாக மாட்டிவிடும். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸை ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்’ என்று வழிகாட்டி நூல்கள் பல காலம் சொல்லிவந்தன. ஏழு நாள் சாதாரண வகுப்புப் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆனது. இப்போது பலருடைய பயணத்துக்குத் தனித்தனி டிக்கெட்தான் மலிவு. விலை மட்டும் மாறியிருந்தால் பேனாவால் திருத்திக்கொள்ளலாம். இங்கே ஆலோசனையே தலைகீழாகிவிட்டது.

மூடுவதும் திறப்பதும் இன்னொரு வம்பு. பெர்லினின் பெர்கமான் அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் புதுப்பிப்பு வேலைக்காக முழுவதுமாக மூடப்பட்டது. பாரிஸில் பொம்பிடு நவீனக் கலை மையம் 2025இல் பல ஆண்டு வேலைக்காக மூடியது. அதே பாரிஸில் 2019 தீவிபத்துக்குப் பின் மூடிக் கிடந்த நோத்ர தாம் தேவாலயம் 2024 டிசம்பரில் திறந்துவிட்டது. இடையில் வந்த நூலை நம்பினால் அதைப் பார்க்காமலே திரும்பியிருப்பீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் எடுத்த பழைய பதிப்பை நம்பி, டோக்கியோவின் சுகிஜி மீன் சந்தையில் டூனா ஏலம் பார்க்க விடிவதற்கு முன்பே போய் நின்றேன். ஏலம் நடக்கும் மொத்த விற்பனைச் சந்தை 2018 அக்டோபரிலேயே டொயோசுவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வெளிச்சுற்றுக் கடைகள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. தப்பு புத்தகத்துடையது அல்ல, அது 2015 பதிப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இத்தனை நூல்வரிசைகள் இருக்கின்றன. எது யாருக்கு?

எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறவிக்குணம் இருக்கிறது. அது உங்களோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

லோன்லி பிளானட் 1973இல், ஆசியாவைக் கையில் காசில்லாமல் கடந்த ஒரு தம்பதி ஆஸ்திரேலியாவில் கையால் ஒட்டித் தைத்த சிறு நூலிலிருந்து பிறந்தது. முதுகில் பை மாட்டிக்கொண்டு திரிபவர்களுக்கு எழுதிய அந்தப் பழக்கம் நெடுநாள் இருந்தது. நாடு விட்டு நாடு தரைவழியாகப் போக, சிற்றூருக்குப் பஸ் பிடிக்க அதை மிஞ்ச ஆளில்லை என்றிருந்த காலம் உண்டு. அண்மைப் பதிப்புகளில் படங்கள் கூடி, விவரப் பட்டியல்கள் குறைந்துவிட்டன. எனக்கு அதில் வருத்தம்தான்.

ரஃப் கைட்ஸ் 1982இல் கிரீஸ் பற்றிய நூலோடு தொடங்கியது. வரலாறு, அரசியல், இசை என்று பின்பக்கம் வரும் அத்தியாயங்களுக்காகவே அதை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாடு ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு ஏற்றது.

டிகே ஐவிட்னஸ் படம் பார்த்து முடிவு செய்பவர்களுக்கு. ஒரு தேவாலயத்தையோ கோட்டையையோ பழத்தைப் பாதியாக வெட்டியதுபோல் உள்ளே காட்டும் படங்கள் அதன் அடையாளம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ‘எங்கே போகலாம்’ என்று பேச இதைவிட நல்ல நூல் இல்லை. ஆனால் வழவழப்பான தாள், கனம் அதிகம். ராத்திரி பதினொரு மணிக்கு பஸ் நிலையத்தில் நிற்கும்போது பெரிதாக உதவாது.

ரிக் ஸ்டீவ்ஸ் ஐரோப்பாவுக்கு மட்டும். பிடிவாதமான மனிதர், பிடித்த ஊருக்கு நாற்பது பக்கம் கொடுப்பார், பிடிக்காத ஊரை ஒரு வரியில் தள்ளிவிடுவார், சில சமயம் அந்த ஒரு வரியும் இருக்காது. அருங்காட்சியகத்துக்குள் இடது பக்கம் திரும்பு, இந்த ஓவியத்தைப் பார், அடுத்த அறைக்குப் போ என்று கையைப் பிடித்து அழைத்துப்போகும் நடைகள் இவருடைய பலம். முதல்முறை ஐரோப்பா போகும், அதிகம் யோசிக்க நேரமில்லாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு நாட்டை முழுவதும் சுற்ற நினைத்தால் போதாது.

பிராட், மற்றவர்கள் தொடாத நாடுகளுக்குப் போகும் வரிசை. அல்பேனியா, ருவாண்டா, எத்தியோப்பியா மாதிரி இடங்களுக்கு அது ஒன்றே ஒழுங்கான நூலாக இருப்பதும் உண்டு. 1918இலிருந்து வரும் ப்ளூ கைட்ஸ் கலை, கட்டடம் என்று ஆழமாகப் போகிறவர்களுக்கு. ஒரே தேவாலயத்துக்கு நான்கு பக்கம் எழுதுவார்கள், தங்குமிடம் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட மாட்டார்கள். மலைநடைக்குப் போகிறவர்கள் இவை எதையும் வாங்க வேண்டாம். சிசரோன் மாதிரி நடைப்பாதைக்கென்றே வெளியிடுபவர்களின் நூலை வாங்குங்கள். மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாட்டில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நடப்பவருக்கு, இன்று எத்தனை மீட்டர் ஏற்றம் என்பதுதான் தெரிய வேண்டும். கார் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு மிஷ்லன் பச்சை அட்டை நூல் பொருந்தும்.

வரிசையின் பெயரைவிட அந்தக் குறிப்பிட்ட நூலை எழுதியவர் யார் என்பது முக்கியம். ஒரே வரிசையில் ஒரு நாட்டு நூல் அருமையாகவும் அடுத்த நாட்டு நூல் ஒப்புக்குச் செய்ததாகவும் இருக்கும்.

நல்ல நூலா என்று கடையில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். பத்து நிமிடம் போதும்.

முதலில், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி அதே வரிசை என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் பிறந்த ஊராக இருக்கலாம், நாலைந்து வருடம் வேலை பார்த்த நகரமாக இருக்கலாம். அங்கே போகும் விருந்தாளிக்கு நீங்கள் எதைச் சொல்வீர்களோ அது அதில் இருக்கிறதா? ஊர்க்காரர்களே எட்டிப் பார்க்காத இடத்தை ‘உள்ளூர் மக்களின் விருப்பத்துக்குரிய’ என்று எழுதியிருக்கிறார்களா? தெரிந்த ஊரில் கோட்டை விட்டவர்கள் தெரியாத ஊரில் மட்டும் சரியாகச் சொல்வார்கள் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

அடுத்தது, ‘வேண்டாம்’ என்ற சொல்லைத் தேடுங்கள். கூட்டம் தாங்காது, இங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள், மழைக்காலத்தில் இந்தப் பாதை வேண்டாம், பெயர் பெரியது ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. இப்படி நாலைந்து வரியாவது ஒரு நூலில் இருக்க வேண்டும். எல்லாக் கிராமமும் எழில் கொஞ்சுவது, எல்லாக் கடற்கரையும் மனதை மயக்குவது என்றால் எழுதியவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். நூல் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நான் கீழே வைத்துவிடுவேன். நாம் காசு கொடுப்பது அந்த மனிதரின் தீர்ப்புக்கு. விளம்பரத் துண்டறிக்கையைச் சுற்றுலாத் துறையே இலவசமாகக் கொடுக்கும்.

பிறகு ஒரு நடைமுறைக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இரவு பதினொன்றரைக்கு விமானம் இறங்குகிறது, ஊருக்குள் எப்படிப் போவது? ‘டாக்சி, பஸ், ரயில் உண்டு’ என்றால் அது பதில் இல்லை. கடைசி ரயில் எத்தனை மணிவாக்கில், அதற்கப்புறம் என்ன வழி, டாக்சி எங்கே நிற்கும், ஏமாற்றுக்காரர்கள் எந்த வாசலில் வளைப்பார்கள் என்று எழுதியிருந்தால், எழுதியவர் அந்த வாசலில் நின்றிருக்கிறார்.

கடைசியாக வரைபடம். எழுத்தில் வரும் மூன்று இடங்களின் பெயரைக் குறித்துக்கொண்டு வரைபடத்தில் தேடுங்கள். மூன்றில் ஒன்றுகூட இல்லையென்றால் அவசரத்தில் தயாரித்த நூல்.

நூலில் போட்டிருக்கும் நட்சத்திரங்களை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் யாருடைய ரசனை என்று தெரிந்து நம்புங்கள்.

இந்தப் பழக்கம் இருநூறு ஆண்டுப் பழசு. மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1820இல் வெளியிட்ட ஐரோப்பிய வழிகாட்டியில், ஓவியங்களுக்கும் சிலைகளுக்கும் ஆச்சரியக்குறி போட்டுத் தரம் பிரித்தார். பிடித்தால் ஒன்று, மிகவும் பிடித்தால் இரண்டு, மூன்று. 1840களில் ஜெர்மனியின் வழிகாட்டி நூல் பதிப்பாளர் கார்ல் பேடெக்கர் நட்சத்திரத்துக்கு வந்தார். மிஷ்லன் பச்சை நூலின் கணக்கு இன்றும் எனக்குப் பிடிக்கும். ஒரு நட்சத்திரம் என்றால் சுவாரசியமானது. இரண்டு என்றால் வழியிலிருந்து விலகிப் போயாவது பார்க்கலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம். ‘நன்று, மிக நன்று’ என்று சொல்லாமல், எவ்வளவு தூரம் மெனக்கெடலாம் என்று சொல்வதுதான் பயணிக்குப் பயன்படும். அதே நிறுவனத்தின் சிவப்பு நூல் உணவகங்களுக்குத் தரும் நட்சத்திரம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய தேவாலயங்களில் மனம் லயிக்காதவருக்கு மூன்று நட்சத்திரத் தேவாலயமும் குளிர்ந்த கல்தான்.

நாடு முழுவதற்கும் ஒரு நூலா, நகரத்துக்குத் தனி நூலா?

ஒரே நகரத்தில் நான்கு நாளுக்கு மேல் இருந்தால் நகர நூல். மூன்று நான்கு ஊர் சுற்றுவதென்றால் நாட்டு நூல். ‘ஐரோப்பா’, ‘தென்கிழக்கு ஆசியா’ என்று கண்டம் முழுவதையும் ஒரே அட்டைக்குள் அடைத்த நூல்கள் எங்கே போவது என்று முடிவு செய்ய மட்டும் உதவும். அதில் ஒரு பெரிய நாட்டுக்கு ஐம்பது அறுபது பக்கம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

எழுதியவர் உண்மையிலேயே அங்கே போனார் என்று எப்படி நம்புவது?

பேடெக்கரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மிலான் பேராலயத்தின் கூரைக்கு ஏறும் படிகளை எண்ணிக்கொண்டு போனாராம். இருபது படிக்கு ஒரு பட்டாணியை ஒரு சட்டைப்பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றி, இறங்கும்போது திரும்ப எண்ணிச் சரிபார்த்தாராம். அந்த மாதிரிப் பைத்தியம் இருந்தால்தான் வழிகாட்டி நூல் எழுத முடியும்.

இன்று கவலை வேறு திசையில். 2023இல், இணையப் புத்தகச் சந்தையில் செயற்கை நுண்ணறிவு எழுதிய போலி வழிகாட்டி நூல்கள் குவிந்து கிடப்பதை ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் விசாரித்து எழுதியது. ஆசிரியர் பெயர், புகைப்படம், வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் இட்டுக்கட்டியவை, பாராட்டு விமர்சனங்களும் அப்படியே. இவற்றை அடையாளம் காண்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இருபது நாடுகளைப் பற்றி எழுதியிருப்பார். வரைபடம் இருக்காது. எந்தத் தெருவையும் எந்தப் பஸ் எண்ணையும் குறிப்பிடாமல், எந்த ஊருக்கும் பொருந்தும் வாக்கியங்களாக ஓடும். தலைப்பில் மட்டும் இந்த ஆண்டின் எண் கொட்டை எழுத்தில் இருக்கும். மாதிரிப் பக்கங்களை வாசிக்காமல் இணையத்தில் வழிகாட்டி நூல் வாங்காதீர்கள்.

அச்சு நூலா, மின்னூலா?

திட்டமிட அச்சு, எடுத்துப்போக மின்னூல் என்பது என் பழக்கம். முன்னும் பின்னும் புரட்டி, நான்கு பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது திரையில் வராது. சில மின்னூல்களில் வரைபடத்தைப் பெரிதாக்கினால் எழுத்து கலங்கிவிடுகிறது, அதனால் மாதிரியில் வரைபடத்தைச் சோதியுங்கள். அச்சு நூலை எடுத்துப்போக விரும்பினால், போகிற ஊர்களின் பக்கங்களை மட்டும் பிளேடால் கீறி எடுத்துத் தைத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்குப் புத்தகத்தைக் கிழிக்க மனம் வருவதில்லை, ஆனால் மூட்டை எடை குறைகிறது என்பது உண்மை.

விசா, கடவுச்சீட்டு விவரங்களுக்குப் புத்தகம் போதுமா?

போதாது. அந்தப் பக்கத்தை ஒட்டிவைத்துவிடலாம் என்றுகூடச் சொல்வேன். உங்கள் குடியுரிமைக்கு என்ன விதி என்பதை அந்தந்த நாட்டின் தூதரக அல்லது குடிவரவுத் துறைத் தளத்தில்தான் பார்க்க வேண்டும். ஷெங்கன் எல்லையில் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக, கைரேகையும் முகப்படமும் பதியும் முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. வெனிஸில் சில நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவது 2024இல் ஆரம்பித்தது. எந்த அச்சு நூலும் இவற்றோடு ஓட முடியாது.

ஆங்கிலம் சரளமாக வராது. எனக்குப் பயன்படுமா?

படங்களும் வரைபடமும் அதிகமுள்ள நூலைத் தேர்ந்தெடுத்தால் பயன்படும். வாக்கியத்தை முழுவதும் படிக்காமலே, எந்த ஊரில் என்ன இருக்கிறது, எது எதற்குப் பக்கம் என்று பிடித்துவிடலாம். நகைச்சுவையும் கிண்டலுமாக எழுதும் வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பாராட்டா கேலியா என்றே தெரியாமல் போய்விடும். சந்தேகமான பத்தியைக் கைபேசி கேமராவில் காட்டி மொழிபெயர்த்துக்கொள்ளலாம், வேலைக்கு ஆகும்.

குழந்தைகளோடு போகிறோம். நடக்க முடியாத பெரியவர்களும் இருக்கிறார்கள். தனி நூல் வேண்டுமா?

‘குழந்தைகளுடன்’ என்று தலைப்பிட்ட அரைப் பக்கத்தை நம்ப வேண்டாம். பெரும்பாலும் ஒரு மிருகக்காட்சி சாலையும் ஒரு பூங்காவும் இருக்கும், அவ்வளவுதான். அதைவிட, நூல் தூரத்தை எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். ‘கொஞ்ச தூரம் நடந்தால்’ என்பதற்கும் ‘செங்குத்தாக 200 படி, கைப்பிடி இல்லை’ என்பதற்கும் முட்டிவலிக்காரர் விஷயத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லிஃப்ட், கழிப்பறை, உட்கார இடம் ஆகியவற்றைக் குறிப்பிடும் நூல் எல்லோருக்குமே நல்லது. சக்கர நாற்காலியில் போகிறவர்கள் நூலில் படித்ததோடு நிற்காமல் அந்தந்த இடத்துக்கே எழுதிக் கேட்டுக்கொள்வது அவசியம்.

எல்லோரும் இதே நூலைப் படித்துவிட்டு அதே இடத்தில்தானே வந்து நிற்பார்கள்?

நிற்பார்கள். பிரபல நூல் ஒரு சிறிய உணவகத்தைப் புகழ்ந்தால், அடுத்த ஆண்டு அதன் வாசலில் வரிசை. இன்றைக்கு அந்த வேலையைக் கைபேசிக் காணொளிகள் இன்னும் வேகமாகச் செய்கின்றன, அதனால் பழியைப் புத்தகத்தின் மேல் மட்டும் போட முடியாது. நான் செய்வது இதுதான்: பெரிய இடங்களுக்குப் புத்தகம் சொல்வதைக் கேட்பேன், சாப்பாட்டுக்கு அதன் பட்டியலைத் தொடமாட்டேன். எந்தப் பேட்டையில் நல்ல உணவகங்கள் கூடியிருக்கின்றன என்று மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே போய் மூக்கு சொல்லும் வழியில் நடப்பேன்.

வாங்கிவிட்டேன். இனி எப்படிப் படிப்பது?

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், தூக்கம் வந்துவிடும். வரைபடத்தை விரித்து ஊர்களுக்கு நடுவே பயண நேரத்தைப் பென்சிலால் எழுதுங்கள். கிலோமீட்டரை அல்ல, மணி நேரத்தை. ஏழு மணி நேரப் பஸ் பயணம் என்றால் அந்த நாள் போயிற்று. இதைச் செய்ததுமே உங்கள் எட்டு ஊர்ப் பட்டியல் ஐந்தாகிவிடும்.

அப்புறம் ஒவ்வொரு ஊருக்கும் கட்டாயம் ஒன்று, முடிந்தால் இரண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அதன்பின் விடுமுறை நாட்களைப் பாருங்கள். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமை. வாடிகன் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டம் அலைமோதும். ஜப்பானில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் செவ்வாய்க்குத் தள்ளிப்போகும். ஒரு ஊருக்கு ஒரே நாள் ஒதுக்கி, அது மூடும் நாளாக அமைந்துவிட்டால் கதவைத்தான் படம் எடுக்க வேண்டும். முன்பதிவு தேவைப்படும் இடங்களைத் தனித் தாளில் எழுதி, அவற்றின் அதிகாரபூர்வத் தளத்தில் தேதியை உறுதி செய்யுங்கள்.

வரலாற்று அத்தியாயத்தை விமானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நூல் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் குணம் மாறுபட்ட இரண்டு. படம் நிறைந்தது ஒன்று, விவரம் நிறைந்தது ஒன்று. இரண்டு நூலும் ஒரே இடத்தைப் பற்றி எதிரெதிராகப் பேசும் பக்கங்களைத் தேடிப் படியுங்கள், அந்த இடத்தைப் பற்றி அங்கேதான் அதிகம் தெரியவரும்.

காசு செலவழிக்காமல் வழி இருக்கிறதா?

நூலகம் முதல் வழி. முந்தைய பதிப்பை எடுத்துப் படித்து, அந்த வரிசை பிடித்தால் புதியதை வாங்கலாம். இணையத்தில் விக்கிவாயேஜ் இருக்கிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் கீழ் 2013 முதல் இயங்கும், யாரும் திருத்தக்கூடிய பயண வழிகாட்டி. பெரிய நகரங்களுக்கு நன்றாக இருக்கும், சிற்றூர்களுக்கு ஆள் கிடைத்ததைப் பொறுத்தது. ஒவ்வொரு பக்கமும் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பார்க்கலாம் என்பது அச்சு நூலில் இல்லாத வசதி. இணையம் இல்லாத இடத்திலும் படிக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும்.

புத்தகத்தில் தவறு கண்டுபிடித்தால்?

பதிப்பாளருக்கு எழுதுங்கள். பலரும் அதற்கென்று முகவரி கொடுத்திருக்கிறார்கள், அடுத்த பதிப்பில் திருத்தமும் வரும்.

திரும்பி வந்த பிறகு நூலை என்ன செய்வது?

அடுத்துப் போகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் ஓரங்களில் உங்கள் குறிப்புகளை எழுதி, பக்கத்தில் மாதமும் ஆண்டும் போடுங்கள். ‘இந்தப் படகு இப்போது இல்லை’, ‘இங்கே காலை எட்டுக்கு முன் போனால் ஆளே இல்லை’ என்பது போல. ஒரு நண்பர் எனக்குக் கொடுத்த போர்ச்சுகல் நூலில் அச்சிட்டதைவிடப் பென்சிலில் எழுதியதைத்தான் அதிகம் நம்பினேன். ஒரு ஊரின் முழுப் பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டு, ‘வேண்டாம், பஸ்ஸிலேயே உட்கார்ந்திருங்கள்’ என்று எழுதியிருந்தார்.